மின்காந்தத் துடிப்பும் மோட்டார் சைக்கிளும்

மின்னாற்றல் இக்கால மக்களின் வாழ்வில் இரண்டறக் கலந்துவிட்டது. விளக்கு எரிவதும், நீர் இறைக்கப்படுவதும், செய்தி பரவுவதும், வண்டி ஓடுவதும் அதன் துணையாலேயே நிகழ்கின்றன. உயிர்க்குத் துணையாகிய நீரே வெள்ளமாய்ப் பெருகினால் ஊரை அழிப்பதுபோல, மின்னாற்றலும் அளவு கடந்து பாயுமாயின் தன்னால் இயங்கும் கருவிகளையே அழித்துவிடும். அத்தகைய பெருந்தாக்குதலே மின்காந்தத் துடிப்பு எனப்படுவது. அதற்கு எந்த எந்திரம் தப்பும், எது தப்பாது என்பதை அறிய, எளிய மோட்டார் சைக்கிள் நல்ல சான்றாக அமைகின்றது.

1962ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓரிரவு, பசிபிக் பெருங்கடலிலுள்ள ஜான்ஸ்டன் தீவிலிருந்து அமெரிக்கர் ஓர் அணு ஆயுதத்தை விண்ணில் செலுத்தினர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அது வெடித்தது. அதன் ஆற்றல் 14 இலட்சம் டன் வெடிமருந்தின் ஆற்றலுக்கு ஒப்பாகும். அங்கிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் ஹவாய்த் தீவுகள் உள்ளன. வெடியின் அதிர்ச்சி அங்கே எட்டவில்லை. சுவர் ஒன்றும் இடியவில்லை. ஆயினும் அங்கே ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டை அறிவிக்கும் மணிகள் தாமே ஒலித்தன. அதே ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், சோவியத் நாட்டினர் கசக்ஸ்தான் நிலப்பகுதியின்மேல் இத்தகைய சோதனை ஒன்றை நடத்தினர். அப்பொழுது ஏறத்தாழ 570 கிலோமீட்டர் நீளமுள்ள தொலைபேசிக் கம்பிவழி பழுதுற்றது.

இத்துடிப்பு எவ்வாறு உண்டாகின்றது? வானில் வெடித்த அணு ஆயுதத்திலிருந்து காமாக் கதிர்கள் நாற்புறமும் பாய்கின்றன. அவை தரைக்கு மேல் 20 முதல் 40 கிலோமீட்டர் வரையுள்ள காற்று மண்டலத்தில் மோதி, காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தெறிக்கச் செய்கின்றன. அந்த எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தால் வளைந்து செல்லுகையில் வலிமை மிக்க மின்காந்த அலை எழுகின்றது. அதன் வலிமை மீட்டர் ஒன்றுக்கு 50,000 வோல்ட்டு வரை உயரக்கூடும். ஒரு வினாடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு சில கூறுகளுக்குள்ளேயே அது உச்சத்தை எட்டிவிடும்.

இம்முதல் அலையைத் தொடர்ந்து மெதுவான துடிப்பும் ஒன்று வரும். அது பல கிலோமீட்டர் நீளமுள்ள மின்கம்பிகளையே பெரிதும் தாக்கும். சூரியனில் தோன்றும் காந்தப் புயலும் இவ்வியல்பினதே. 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் அத்தகைய புயலால் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். இம்மெதுவான துடிப்பு மோட்டார் சைக்கிளை நேராகத் தாக்குவதில்லை. அதற்கு அஞ்சத்தக்கது முதல் அலையே.

அவ்வலையின் தாக்குதலைப் பற்றி இரண்டு உண்மைகளை மனத்திற்கொள்ள வேண்டும். நீண்ட வலையில் மீன் மிகுதியாகச் சிக்குவதுபோல, நீண்ட கம்பியிலேயே மின்னாற்றல் மிகுதியாகச் சேரும் என்பது ஒன்று. சில வோல்ட்டு அளவில் இயங்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகளே எளிதிற் கருகும், தடித்த செப்புச் சுருள்கள் தாங்கி நிற்கும் என்பது மற்றொன்று.

இனி, எளிய மோட்டார் சைக்கிளின் அமைப்பைக் காண்போர்க்கு விடை தானே விளங்கும். இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு வெளிவந்த பி.எஸ்.ஏ. பாண்டம் என்னும் சிறு வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் தொடக்கக்கால வகையில் மின்கலம் இல்லை. எஞ்சினோடு சுழலும் சக்கரத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவை செப்புச் சுருளருகே சுழல, சுருளில் மின்சாரம் பிறந்தது. இதுவே மாக்னெட்டோ எனப்படும். பாயிண்டு என்னும் இரு முனைகள் ஒன்றையொன்று விட்டு விலகும்போது, அம்மின்னோட்டம் திடீரென அறுபட்டு, பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தம் தோன்றிப் பிளக்கில் தீப்பொறியாக வெளிப்படும். காலால் உதைத்தால் எஞ்சின் புறப்படும். பெட்ரோல் மேலேயுள்ள தொட்டியிலிருந்து தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கிவரும். டிரான்சிஸ்டர் ஒன்றேனும் அவ்வண்டியில் இல்லை.

அச்சுருளும் அதன் காப்புறையும் நாள்தோறும் பல்லாயிரம் வோல்ட்டைத் தாங்கவே செய்யப்பட்டவை. கம்பிகளோ குறுகியவை. மேலும் மாக்னெட்டோவை உலோக மூடி சூழ்ந்துள்ளது. உலோகக் கூட்டினுள் இருக்கும் பொருளை வெளி மின்புலம் தாக்காது என்பதை மைக்கேல் பாரடே 1836ஆம் ஆண்டு மெய்ப்பித்துக் காட்டினார். மாக்னெட்டோவுக்கு அடிப்படையான மின்தூண்டல் தத்துவத்தை 1831ஆம் ஆண்டு கண்டவரும் அவரே. எனவே இத்தகைய வண்டி துடிப்புக்குப் பின்னும் ஓடும் என்று எதிர்பார்ப்பதே அறிவுக்குப் பொருந்தும்.

சென்னையில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற என்பீல்டு நிறுவனத்தின் பழைய புல்லட்டு வண்டியிலும் பாயிண்டும் சுருளுமே தீப்பொறியை உண்டாக்கின. ஆனால் அதில் மின்கலமும், அதற்கு மின்னூட்டம் அளிக்க உதவும் ரெக்டிபையர் என்னும் உறுப்பும் இருந்தன. ரெக்டிபையர் கருகினாலும், மின்கலத்தில் மின்சாரம் உள்ளவரை அவ்வண்டி ஓடும்.

இக்கால வண்டிகளின் நிலை வேறு. புகைமாசைக் குறைக்கும் புதிய விதிகள் இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வெளிவரும் மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலானவற்றில் பெட்ரோலை அளந்து செலுத்துவது சிறு கணிப்பொறியே. ஆயினும் அவையெல்லாம் அழிந்தே போகும் என்று முடிவு கட்டுதல் தவறாகும். அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக்குழு ஒன்று 37 கார்களையும் 18 லாரிகளையும் துடிப்புக்கு உட்படுத்தி, 2008ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. எஞ்சின் ஓடாமல் நின்ற கார்களுக்கு ஊறு நேரவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றுள் 3 கார்கள் நின்றன. அவையும் மீண்டும் இயக்கப்பட்டன. லாரிகளுள் 3 நின்றன. ஒன்றுக்கு மட்டும் பழுதுபார்ப்பு வேண்டியிருந்தது. ஆனால் அவை 2003ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை அல்ல; மேலும் கோளாறு தோன்றியவுடன் அவ்வண்டியின் சோதனை நிறுத்தப்பட்டது. ஆதலின் அம்முடிவு ஓரளவே ஆறுதல் தருவதாகும்.

வண்டி தப்பிவிட்டது என்றே கொள்வோர் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியிலிருந்து எண்ணெயை மேலேற்றுவது மின்மோட்டார். ஊரில் மின்சாரம் இல்லையேல், பெட்ரோல் இருந்தும் கிடைக்காது. அப்பொழுது நோயாளிக்கு மருந்து கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிளும், தன் தொட்டியில் எஞ்சிய பெட்ரோல் தீர்ந்ததும் வழியில் நின்றுவிடும். வேர் அறுந்த பின் கிளை மட்டும் பசுமையாய் நிற்பதில்லை. ஆகவே மருத்துவமனை, நீரேற்று நிலையம், பெட்ரோல் நிலையம் ஆகியவற்றில் தனித்தியங்கும் மின்னாக்கிகளையும், உலோகப் பெட்டியில் மூடிய மாற்று உறுப்புகளையும் காத்து வைத்தலே சிறந்த முன்னேற்பாடு. கையால் இயக்கவும் பழுது நீக்கவும் அறிந்த தொழிலாளரும் அவ்வூர்க்கு வேண்டும்.

இவையனைத்தினும் மேலானது, அத்துடிப்பே எழாதவாறு தடுப்பதாகும். 1963ஆம் ஆண்டு அமெரிக்கா, சோவியத் நாடு, பிரிட்டன் ஆகிய மூன்றும் காற்று மண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணு ஆயுதச் சோதனை நடத்துவதில்லை என உடன்படிக்கை செய்துகொண்டன. எளிய எந்திரம் ஓர் ஊழியனை அவனது வழியிற் கொண்டு சேர்க்கலாம். ஊர் முழுவதையும் காக்க வல்லது நாடுகளின் நல்லுறவே ஆகும்.