ஐப்பசி நடை: மலைச்சரிவை வாசிக்கப் பழகுவோம்

குளிர்நாடுகளில் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இலையுதிர்காலமாகும். விடுமுறை நாட்களில் மக்கள் நாட்டுப்புறம் சென்று, நிறம் மாறிய மரங்களைப் பார்த்தபடி ஆறுதலாக நடந்து வருவார்கள். எமது மலையகத்தில் அப்படியொரு பருவம் இல்லை. தேயிலையும் சவுக்கு மரமும் எப்போதும் பச்சையாகவே நிற்கின்றன. ஆனாலும் ஐப்பசிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வரும் இடைக்காலம் இது. பெரும்பாலும் காலையில் வானம் வெளித்திருக்கும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். முதல்நாள் மழையின் தடத்தை மறுநாள் காலை மண்ணில் அப்படியே காணலாம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லிந்துலைப் பக்கத்து மலைகளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வர நாம் உங்களை அழைக்கிறோம்.

ஏன் நடக்க வேண்டும்?

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு விவசாயம் புதிதல்ல; நிலம்தான் புதிது. சமவெளியில் வயல் செய்தவர் வரம்பு கட்டி நீரை மறிக்கப் பழகியவர். மலையில் நீரை ஓரிடத்தில் மறித்து வைத்தால், அது மண்ணுக்குள் இறங்கி மண்ணைப் பாரமாக்கி, ஈற்றில் சரிவையே கீழே இழுத்துவிடும். வேகமாக ஓட விட்டாலோ மேல்மண்ணை அள்ளிச் செல்லும். மறிக்கவும் கூடாது, ஓட விடவும் கூடாது. நடத்திச் செல்ல வேண்டும். இதுவே மலை விவசாயத்தின் முதற்பாடம். இதைக் கண்ணால் பார்த்து அறிவதே நல்லது.

புறப்படுமுன்

தோட்டப் பாதைகளில் நடப்பதானால் தோட்டத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரப் புல்லில் அட்டை ஏறும்; கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ கையில் இருக்கட்டும். தேயிலைச் செடிகளிலும் மரங்களிலும் குளவிக் கூடுகள் இருக்கலாம். பிள்ளைகள் கல்லெறியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நண்பகலுக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும்.

கான்களைப் பாருங்கள்

தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்காக வெட்டப்பட்ட கான்களைக் கவனியுங்கள். அவை நேர்மட்டமாக இருப்பதில்லை. ஏறத்தாழ 120 அடி நீளத்துக்கு ஓர் அடி என்ற அளவில் மிக மெல்லச் சரிந்து செல்லும். நல்ல கான்களுக்குள் இடையிடையே சிறு மண் தடுப்புகளும் விடப்பட்டிருக்கும். நீர் அவற்றில் தட்டுப்பட்டு வேகம் குறையும். வண்டல் அங்கேயே தங்கும். அந்த வண்டலை அள்ளி மேற்பக்கமாகப் போட்டால் இழந்த மண் திரும்பக் கிடைக்கும்.

பழைய தேயிலையைப் பிடுங்கிய சில மலைகளில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ அடர்த்தியாக வளர்ந்து நிற்கும். அது கைவிடப்பட்ட நிலம் அல்ல. மீண்டும் தேயிலை நடுமுன் 18 மாதம் முதல் 2 ஆண்டு வரை மண்ணைத் தேற்றுவதற்காக வளர்க்கப்படும் புல் அது. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அருகே தலவாக்கலையில்தான் இருக்கிறது. இம்முறையை அது பரிந்துரைத்து வருகிறது. கோவா, கரட், உருளைக்கிழங்கு பயிரிடும் நாமும் இதிலிருந்து படிக்கலாம். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகப் போட்டு, ஓரங்களில் புல்வரிசை நடுவது பெரிய செலவில்லாத வேலை.

நீரின் நிறத்தைப் பாருங்கள்

தலவாக்கலைப் பக்கம் நடந்தால் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காணலாம். 2012இல் இயங்கத் தொடங்கிய இத்திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது. இதற்காகவும் சுமார் 500 குடும்பங்கள் தமது இருப்பிடங்களை விட்டு மாற வேண்டியிருந்தது. மழைக்கு மறுநாள் ஓடைகளும் ஆறும் செந்நிறமாகக் கலங்கி வருமானால், அந்த நிறம் மேலேயுள்ள ஏதோ ஒரு தோட்டத்தின் மேல்மண். எந்த ஓடை தெளிந்து வருகிறது, எது கலங்கி வருகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அதன் மேற்பக்கத்தில் என்ன பயிர் நிற்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரிவு காட்டும் அறிகுறிகள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன, பலர் உயிரிழந்தனர். அதுவும் ஐப்பசி மாதமே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மண் சரிந்தது. சரிவு திடீரென வந்தாலும் மலை பல தடவைகளில் முன்கூட்டியே அடையாளம் காட்டும். நடக்கும்போது இவற்றைத் தேடுங்கள்:

- நேராக நின்ற மரங்களும் மின்கம்பங்களும் ஒரு பக்கம் சாய்ந்திருத்தல்
- நிலத்தில் புதிய வெடிப்பு, அல்லது நிலம் படிபோல இறங்கியிருத்தல்
- இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று வற்றுதல், பீலி நீர் திடீரெனக் கலங்குதல்
- வீட்டுச் சுவரிலும் தரையிலும் வெடிப்பு விரிதல், கதவு யன்னல் இறுகுதல்

இவற்றில் ஏதேனும் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். வீடு கட்டவோ மலையை வெட்டவோ முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

வீட்டிலே ஒரு மழைமானி

பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகர டின்னைத் திறந்த வெளியில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம் மழை சேர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ, ஆபத்தான சரிவில் இருப்போர் உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். ஆனால் அறிகுறிகள் தெரிந்தால் டின் நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒருமுறை நடந்தால் பாதை தெரியும். மாதம் ஒருமுறை அதே பாதையில் நடந்தால் அதில் ஏற்படும் மாற்றம் தெரியும். அயலவரையும் சேர்த்துக்கொண்டு, கண்டவற்றை ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதி வையுங்கள். வந்த இடம் நமது இடமாவதற்கு உறுதிப்பத்திரம் வேண்டும்தான். அந்த நிலத்தின் போக்கை அறிந்திருப்பதும் அதேயளவு வேண்டும்.