புகைக்குழாயின் பழுதும் திருத்தமும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே நந்திக்கடல் நீரேரிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பரப்பே முள்ளிவாய்க்கால். இரு மருங்கும் உப்புநீர், நடுவே மணல். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதி இவ்வூரை ஊடறுத்து வட்டுவாகல் பாலத்தை அடைகின்றது. மீன்பெட்டியைப் பின்னே கட்டிய மோட்டார் சைக்கிளும், நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரமும் இவ்வீதியில் ஓடினாற்றான் பல வீடுகளில் அடுப்பு எரியும். இத்தகைய ஊரில் வாகனத்தின் புகைக்குழாய், அதாவது சைலென்சர், பழுதுறுவது சிறு செய்தி போலத் தோன்றினும் சிறு செய்தியன்று.

புகைக்குழாய் செய்யும் தொழில் யாது? நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் நாலடிப்பு எஞ்சினில், ஒவ்வோர் உருளையிலும் செக்கனுக்கு 25 முறை எரிபொருள் தீப்பற்றுகின்றது. ஒவ்வொரு முறையும் மிகுந்த வெப்பமும் அழுத்தமும் உடைய வாயு திடீரென வெளிப்படுகின்றது. தடையின்றி வெளிவருமாயின் அது வெடியோசையாகவே கேட்கும். அவ்வாயுவைச் சைலென்சரின் உள்ளே உள்ள தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் பல அறைகளினூடாகச் செலுத்தி, அதன் வேகத்தைத் தணித்து, ஓசையை அடக்கி வெளிவிடுகின்றன. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர் 1897இல் இத்தகைய கருவிக்கு உரிமம் பெற்றனர். அன்று தொட்டு அடிப்படைத் தத்துவம் மாறவில்லை.

பழுது எவ்வாறு உண்டாகின்றது? புறத்தே உள்ள பகை கடற்காற்று. உப்பு இரும்பின் மீது படிந்து ஈரத்தை ஈர்க்கத் துரு விரைந்து பரவுகின்றது. அகத்தே உள்ள பகையைப் பலர் அறியார். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகின்றது. நெடுந்தூரம் ஓடிக் குழாய் நன்கு சூடேறினால் அவ்வாவி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து சந்தைக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியிலோ அது குளிர்ந்து நீராகி அடியில் தேங்குகின்றது. எரிபொருட் கந்தகத்தால் அந்நீர் அமிலத்தன்மையும் அடைகின்றது. ஆகவே வெளியே மெருகு குன்றாத குழாயும் உள்ளே அரிக்கப்பட்டிருத்தல் கூடும்.

வன்னி மக்கள் இன்னொரு பழுதையும் கண்டவர்கள். 1990இன் பின் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதானபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் அத்தகைய எஞ்சினில் முற்றாக எரிவதில்லை. ஆதலின் புகைக்குழாயில் கரி படிந்து வழியை அடைக்க, எஞ்சின் வலுவிழந்தது. குழாயைக் கழற்றிக் கரி நீக்குவது அந்நாளில் வழக்கமான வேலையாயிற்று.

இனித் திருத்தும் முறையைப் பார்ப்போம். முதலிற் செய்யவேண்டியது ஒழுக்கு எங்கே உள்ளது எனக் காண்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளிற் சவர்க்கார நீரைத் தடவி, சிறிது நேரம் இயக்கினால் குமிழிகள் எழும் இடமே ஒழுகும் இடம். எஞ்சினோடு குழாய் சேரும் வாயிலில் ஒழுக்கிருப்பின், பெரும்பாலும் அங்குள்ள காஸ்கெற்றை மாற்றுவதே போதும். தாங்கும் கிளாம்ப் தளர்ந்து, அதிர்வினால் வெடிப்பு உண்டாயிருப்பின், வெடிப்பை ஒட்டுவதோடு தாங்கியையும் செப்பஞ் செய்தல் வேண்டும். இன்றேல் ஒட்டிய இடத்துக்கு அருகே மீண்டும் வெடிக்கும்.

துளை சிறிதாயும், சுற்றியுள்ள தகடு உறுதியாயும் இருந்தால் வெல்டிங் செய்யலாம். துருவைச் சுரண்டி ஆணியின் முனையால் அழுத்திப் பார்த்தல் நல்ல சோதனை. தகடு உள்வாங்கினால், அது வெல்டிங்கின் சூட்டைத் தாங்காது. அத்தகைய குழாயை மாற்றுவதே சிக்கனம். குலுக்கும்போது உள்ளே தகடுகள் கலகலத்தாலும் அவ்வாறே. குழாயை வண்டியிலிருந்து கழற்றியே ஒட்டுதல் வேண்டும். எரிபொருட்டாங்கி அருகே தீப்பொறி ஆகாது. நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை மாற்றாகப் பயன்படுத்தலும் ஆகாது. ஒட்டும்போது எழும் நாகப்புகை ஒட்டுபவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும்.

மாற்றுக் குழாய் வாங்குவோர், அது தம் எஞ்சினுக்கு ஏற்றதா என ஆராய்தல் வேண்டும். மேனாடுகளிற் பந்தயச் சாயலுடைய கார்களுக்கு அகன்ற குழாய் பூட்டுவோர் பலர். ஆயினும் அகலம் மிகுந்தால் வலு மிகும் என்பது எப்போதும் பொருந்தாது. குழாயின் நீளமும் விட்டமும் எஞ்சினுக்கு இயைந்தாற்றான் வெளியேறும் வாயுவின் அலை, அடுத்த வாயுவையும் இழுத்துச் செல்லும். இயையாதபோது குறைந்த வேகத்தில் இழுவை குன்றும். ஒட்சிசன் உணரியுடைய புதிய வாகனங்களிலோ, உணரிக்கு முன்னுள்ள சிறு ஒழுக்கும் வெளிக்காற்றை உட்புகவிட்டுக் கணக்கைப் பிழைக்கச் செய்யும், எரிபொருள் வீணாகும்.

இரு காரணங்களால் இதனைத் தாமதித்தல் தகாது. முதலாவது உயிர். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவது. மூடிய கொட்டிலில் எஞ்சினை இயக்கி வைத்துத் திருத்துதல் சாவை அழைப்பதாகும்.

இரண்டாவது செவியும் நெஞ்சும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவுற்றது முள்ளிவாய்க்காலிலேயே. எறிகணைகளுக்கிடையே எண்ணற்றோர் இங்கு உயிரிழந்தனர். எஞ்சியோர் வாகனங்களையும் உடைமைகளையும் விட்டகன்றனர். கடற்கரையில் நின்ற வண்டிகள் உப்புக்காற்றில் நெடுநாள் துருவேறிக் கிடந்தன. பின்னர் மீள்குடியேறியோரிடை, அவ்வோசைகளை இன்றும் மறவாதோர் உளர். தடுப்புத் தகடுகளை அகற்றிய குழாயிலும், வாயிலில் ஒழுகும் குழாயிலும், எரியாத எரிபொருள் காற்றோடு கலந்து திடீரென வெடிப்பதுண்டு. ஓட்டும் இளைஞனுக்கு அது விளையாட்டு. திண்ணையில் இருக்கும் முதியவளுக்கு அது வேறொரு நாளின் ஒலி. ஓசையை அடக்கும் தகட்டை அகற்றாதிருத்தல் சட்டத்துக்கு மட்டும் அஞ்சிச் செய்வதன்று. அயலவர்க்குச் செய்யும் மரியாதையுமாகும்.

வருமுன் காத்தலே எளிது. மணலிலும் உப்புநீரிலும் ஓடிய வண்டியைக் குழாய் ஆறிய பின் நன்னீராற் கழுவுக. அடியில் உள்ள நீர்கசி துளை அடைபடாது காக்க. வாரம் ஒருமுறையேனும் சற்று நெடுந்தூரம் ஓட்டி உள்ளீரத்தைப் போக்குக. துருவின் முதற் புள்ளியைச் சுரண்டி, வெப்பந்தாங்கும் வர்ணம் பூசுக. இத்துணைச் சிறு கவனம், ஓர் ஏழைத் தொழிலாளியின் வண்டிக்கு ஆயுளும் அவன் ஊருக்கு அமைதியும் தரும்.