நோன்பு திறக்கும் நேரமும் பெயரில்லாச் செய்தியும்

ரமழான் மாதத்தில் நமது முஸ்லிம் மாணவர் சங்கங்கள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரிமாறும் சமயச் செய்திகளுள் மிக எளியது நோன்பு திறக்கும் நேர அட்டவணையே. எளியதாயினும் அதிலும் ஒரு சிக்கலுண்டு. கல்முனையில் சூரியன் மறைந்து ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் கழிந்த பின்னரே பேராதனையிலும் ஹட்டனிலும் மறைகின்றது. கொழும்பிலோ எட்டு நிமிடங்கள் கழிய வேண்டும். கிழக்கிலங்கை மாணவனொருவன் தன்னூர் அட்டவணையைப் பேராதனை விடுதித் தோழர்க்கு அனுப்பிவிட்டால், பகல் முழுதும் தண்ணீரும் அருந்தாதிருந்தோர் பொழுது சாயுமுன்னரே பேரீச்சம்பழத்தை வாயிலிட்டு விடுவர். ஐந்து நிமிடந்தானே என்று நாம் எண்ணலாம். அந்நோன்பு நிறைவேறாது, பிறிதொரு நாள் நோற்றாக வேண்டுமென்பர் பெரும்பாலான மார்க்க அறிஞர். மலையும் மூடுபனியும் சூரியனை மறைக்கும் நுவரெலியாவிலே அண்ணாந்து பார்த்தும் பயனில்லை. அட்டவணையின் தலைப்பில் ஊர்ப்பெயரும், கணித்த பள்ளிவாசலின் பெயரும் இருந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சமயச் செய்தியைப் பரப்புதல் மலையகத்தார்க்குப் புதிதன்று. கண்டியிற் பிறந்த சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதிலே பிழை நேர்ந்தால் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருந்தார். கைமாறிக் கைமாறி வரும் வாட்ஸ்அப் செய்திக்கு ஆசிரியர் யார்? சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் எனச் சங்கிலியாக ஆராய்ந்தே நபிமொழியை ஏற்றது இஸ்லாமிய மரபு. ஒன்பதாம் நூற்றாண்டில் இமாம் புகாரி தம் தொகுப்பில் சேர்த்தவற்றினும் ஒதுக்கியவையே மிகுதி. அம்மரபில் வந்த மாணவர் "பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை" என்னும் பெயரில்லாச் செய்தியை நொடியில் அனுப்பிவிடுவது வியப்பன்றோ! (நம் இந்து மாணவரும் சளைத்தவரல்லர், சாமிபடத்தோடு வரும் மிரட்டல்கள் எனக்கும் வருகின்றன.)

பெயரில்லாச் செய்தி செய்யும் கேட்டினைக் கண்டி மாவட்டம் 2018 மார்ச்சில் அனுபவித்தது. திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புரைகளும் வதந்திகளும் முகநூல் வழியே பரவின. 7ஆம் திகதி அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப் முதலியவற்றை முடக்கியது. வதந்தியோடு, உறவினர் நலம் விசாரிக்கும் வழியும் அடைபட்டது. முகநூல் நிறுவனம் 2020இலேதான் வருத்தம் தெரிவித்தது. இதற்கிடையில், 2019 தொடக்கத்தில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் உலகெங்கும் கட்டுப்பாடு விதித்தது. ஆறாவது இடத்துக்கு அனுப்ப விரும்புவோர் மறுபடி ஒருமுறை விரலை அழுத்தவேண்டும், அவ்வளவே.