நிற்கத் தெரிந்த நாய்

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம். கதவு திறந்திருந்தால் தேயிலைக்குள் ஓடிவிடுகிறான். காட்டெருமை திரியும் இடம். "இதற்கென்றே பழக்கிய நாய் உண்டாமே?"

உண்டு. 1990களில் கனடாவின் நேஷனல் சர்வீஸ் டாக்ஸ் அமைப்பு இதைத் தொடங்கியது. பெரும்பாலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர். வெளியே போகும்போது குழந்தையின் இடுப்புப் பட்டையை நாயின் உடல்வாரோடு இணைப்பார்கள். நாயைப் பிடிப்பதும் கட்டளையிடுவதும் பெற்றோர்தான். குழந்தை திமிறினால் நாய் குரைக்காது, துரத்தாது, காலூன்றி நின்றுவிடும். நம் நீலகிரி மலை ரயிலில் பெட்டிதோறும் முன்னால் நிற்கும் பிரேக்ஸ்மேனின் வேலை. சின்ன வயதில் எஞ்சினை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்னை அதிகம் கவர்ந்தது எச்சில் சமாச்சாரம். தூங்கி எழுந்த அரைமணிக்குள் பெரும்பாலோருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 42 ஆட்டிசக் குழந்தைகளின் எச்சிலில் அதை அளந்து 2010இல் வெளியிட்டார்கள். இப்படிப் பழக்கிய நாய் வீட்டுக்கு வருமுன் காலை ஏற்றம் 58 சதவீதம். நாய் வீட்டிலிருந்தபோது 10. நாயைக் கூட்டிப்போனதும் மறுபடி 48! ஆட்டிசம் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் நாய் வந்ததும் போனதும் அந்தப் பிள்ளைகளின் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. கணக்குக்காக நாயைப் பிரித்தார்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சென்னை புளூ கிராஸ் 'டாக்டர் டாக்' திட்டத்தில் சாதுவான நாய்களைச் சிறப்புக் குழந்தைகளிடம் அழைத்துப்போயிருக்கிறது. அது வந்துபோகும் விருந்தாளி. வாரில் இணைந்து நடப்பதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். ஊட்டியில் மே மாத நாய்க் கண்காட்சி பார்த்த ஆசையில் குட்டி வாங்கி, வளர்ந்ததும் சங்கிலியில் போட்டு மறப்பவர்கள் இங்கே குறைவில்லை. அப்படி வாங்கிய நாயோடு பிள்ளையைக் கட்டிவிடாதீர்கள், இருவருக்குமே ஆபத்து. பழகிய நாய்க்கும் இளைப்பாற நேரம் வேண்டும். கனடாவில் இந்த நாய்களைக் கவனித்து 2008இல் எழுதியவர்கள், வேலைக்குப் பின் ஓய்வும் விளையாட்டும் போதவில்லை என்றே குறை சொன்னார்கள்.

அம்மா, முதலில் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். பிறகு பிள்ளை நாயை விரும்புகிறானா, அஞ்சுகிறானா என்று தெரிந்த வீட்டு நாயோடு விட்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வளர்ப்பதென்று முடிவானால் ராத்திரி அது வீட்டுக்குள் படுக்கட்டும். வாசலில் கட்டினால் சிறுத்தை விடாது.