சுழன்று விழும் விமானம்

காரவள்ளியிலிருந்து எங்கள் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வண்டி பழகுவோன் அங்கே கற்கும் முதற்பாடம், வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிப்பதாகும். சறுக்கிய வண்டியைத் திருத்துவது அடுத்த பாடம். விமானம் பயில்வோர்க்கும் இம்முறை பொருந்துமா?

வீசிவரும் காற்றுக்கு எதிரே இறக்கை அளவுமீறி நிமிர்ந்தால், காற்று அதன் மேற்புறத்தைத் தழுவி ஓடாது பிரிந்துவிடும். தாங்கும் விசை குன்றும். ஓர் இறக்கை மற்றதைவிட மிகுதியாக விசையிழந்தால், விமானம் பம்பரம்போற் சுழன்று வீழும். 1912-இல் இங்கிலாந்தில் வில்பிரட் பார்க் என்னும் விமானி, சுழற்சிக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானைத் திருப்பி உயிர் தப்பினார். பொதுவாக இன்று கற்பிக்கும் முறையில், எஞ்சின் விசையைக் குறைத்து, எதிர்ச்சுக்கான் கொடுத்து, கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளுவர். சுழற்சி நின்றபின் மெல்ல மேலெழுப்புவர்.

1949-இல் அமெரிக்க அரசு, தனியார் விமானி உரிமம் பெறுவோர்க்கு இப்பயிற்சி கட்டாயமன்று என விலக்கியது, ஆசிரியராவோர்க்கு விலக்கவில்லை. தரையிறங்குமுன் தாழப் பறக்கையில் சுழற்சி நேர்ந்தால், மீள்வதற்கு உயரமே இராது. ஆகவே, அதன் முன்னறிகுறிகளை உணர்ந்து தவிர்ப்பதே மேல் என்பர். இது நியாயமே.

ஆயினும், தரை எதிரேறி வருவதைக் கண்ட கை, கோலைத் தன்பக்கமே இழுக்கும். அதுவே கேட்டை வளர்க்கும். இவ்வியல்பை ஏட்டுப்படிப்பு மாற்றாது. எனவே, தவிர்க்கும் பாடத்தை முதலிற் கற்பித்து, பின்னர்த் தகுந்த விமானத்தில், போதிய உயரத்தில், தேர்ந்த ஆசிரியர் அருகிருக்க, மீளும் பாடத்தையும் கற்பித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.