குழந்தையின் மூச்சும் சோதனைச்சாலையின் சொல்லும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கொரோனா பரவலைக் கொண்டு மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த மாவட்டப் பட்டியலில், தமிழ்நாட்டின் ஒரே பச்சை மண்டலமாக விளங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம், அந்தப் பாக்கியத்தைச் சில தினங்களுக்கு மேல் அனுபவிக்க இயலாமற்போனதில் ஆச்சரியமில்லை. கர்நாடகத்தை ஒட்டிய அத்திப்பள்ளி எல்லையில் வாகனங்களை நிறுத்தலாமே தவிர, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் ஜனங்களின் மூச்சுக்காற்றுக்கு எல்லைக்கோடு போட எவரால் இயலும்?

அக்காலத்தில் இருமலோடு வந்த குழந்தையைக் கண்டதும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று விசாரிப்பதே முதற்காரியமாயிற்று. விசாரணை அவசியந்தான், ஆயினும் அதன் விடையையே நோயின் நிர்ணயமாகக் கொள்வது ஆபத்து. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் மூன்று மாத சிசு ஒன்றிடமும் எட்டு மாத சிசு ஒன்றிடமும் எச்எம்பிவி என்னும் சுவாச வைரஸ் காணப்பட்டதாக 2025 ஜனவரி 6ஆம் தேதி செய்தி வந்தபோது, மீண்டும் ஒரு கொள்ளைநோயோ என்று நாடெங்கும் பீதி எழுந்தது. அவ்விரு குழந்தைகளோ வெளிநாடு சென்று வந்தவை அல்ல. 2001இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட அவ்வைரஸ், அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே மனிதரிடையே உலவி வந்ததுதான். தேடினார்கள், அகப்பட்டது.

தேடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. தாயின் மடியில் அழுகை ஓய்ந்திருக்கும் வேளை பார்த்து, சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும்: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவை அது எட்டினால் எச்சரிக்கை, மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் குழந்தை சோர்ந்தாலோ, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 90 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ, பிராணவாயு கொடுப்பதற்கு எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்கலாகாது.

பிறகே மூக்கினுள் மெல்லிய குச்சியைச் செலுத்திச் சளி மாதிரி எடுத்து, திரவமுள்ள குழாயிலிட்டு, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு அனுப்புவது. அந்தச் சோதனை சொல்வதையும் விவேகத்தோடு கேட்க வேண்டும். ஜலதோஷம் உண்டாக்கும் ரைனோவைரஸ் நோயற்ற குழந்தையின் மூக்கிலும் தென்படுவதுண்டு. மாதிரி சரியாக எடுக்கப்படாவிடில், உள்ள வைரஸும் இல்லையென்றாகும். கொரோனா வந்து சில வாரங்கள் கழிந்து உடலெங்கும் அழற்சியோடு ஜுரம் காணும் குழந்தையிடம் வைரஸே அகப்படாமற்போகலாம். இன்ஃப்ளுயன்சா என்று பலமாகச் சந்தேகிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைக்கு ஒசெல்டாமிவிர் மருந்தை முடிவு வருமுன்பே தொடங்குவதும், சோதனைக்குக் காத்திருந்து காலம் கடத்தலாகாது என்பதனாற்றான்.

எனினும் வைரஸின் பெயர் தெரிவது வீண் ஆராய்ச்சியன்று. கைக்குழந்தைகளின் சிறு மூச்சுக்குழல்களை அடைத்து இளைப்பை உண்டாக்குவதில் முதன்மையான ஆர்எஸ்வி தொற்றிய சிசுவை, கொரோனா தொற்றிய குழந்தையின் அருகே சந்தேகத்தின்பேரில் கிடத்தினால், ஒன்றின் நோய் மற்றொன்றுக்கும் வந்து சேரக்கூடும். வைரஸ்தான் என்று தெளிந்தால், பாக்டீரியா தொற்றுக்கான அறிகுறி வேறில்லாதபோது, ஆன்டிபயாடிக் ஊசிகளையும் நிறுத்தலாம். ஆதலால் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரே வைரஸை மட்டும் தேடாமல், ஒரே மாதிரியில் பல வைரஸ்களைச் சோதிக்கும் வசதி, 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மாவட்ட ஸ்தாபனங்களிலேயே நிரந்தரமாக இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். முடிவு எதுவாயினும், அதைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒடியாவிலோ தாய்க்கு விளங்கச் சொல்ல ஒருவரும் வார்டில் இருக்கவேண்டும். இரவில் அந்த மார்பு குழிவதை முதலில் காணப்போகிறவள் அவள்.