சுண்டெலியை அறிதலும் அடக்குதலும்

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த மலைச்சாரல்களிலும் உள்ள இல்லங்களில், இரவில் எழும் ஒவ்வோர் அரவத்துக்கும் எலியென்னும் ஒரே பெயரைச் சூட்டிவிடுகின்றோம். ஆயின் அங்ஙனம் குற்றஞ்சாட்டப்படுவன மூவகைப் பிராணிகள். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் குற்றமற்றது. ஆதலின் தண்டனைக்கு முன் விசாரணை வேண்டும்.

முதலாவது வீட்டெலி. 1850இல் கெலார்ட் என்னும் இலங்கை மருத்துவர் இதற்கு இட்ட விலங்கியற் பெயரிலே கண்டியின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. வளர்ந்தபின் 100 கிராமுக்கு மேற்பட்ட நிறையும் உடலினும் நீண்ட வாலும் உடைய இது கூரையையும் முகட்டையும் நாடும்.

இரண்டாவது சுண்டெலி. நிறை ஏறத்தாழ 20 கிராம். எச்சம் அரிசிக்குறுணை போன்றது. எலிக்குஞ்சை இதனோடு மயங்குதல் இயல்பு. குஞ்சின் தலையும் பாதங்களும் உடலுக்குப் பொருந்தாது பருத்திருத்தலே வேறுபாடு.

மூன்றாவது மூஞ்சூறு. நீண்ட கூர்மூஞ்சியும் சிறு கண்களும் கடுநாற்றமும் உடைய இது எலியினத்ததன்று. கரப்பான் முதலிய பூச்சிகளையே பெரிதும் உண்பது. விநாயகப் பெருமானின் வாகனமென நம் மக்கள் போற்றும் இதனைக் கொல்லுதல் உதவியாளனைக் கொல்லுதலேயாகும்.

இனி, சுண்டெலியை அடக்கும் வழியை நோக்குவோம். அது மூன்று வாரத்திற் கருவுயிர்த்து, ஓரீற்றில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். அவையும் இரண்டு மாதத்துள் இனம் பெருக்கத் தொடங்கும். ஆகவே ஒன்றிரண்டைக் கொன்று அமைதியுறுதல் பயனில் முயற்சி. அது தன் வளையினின்று சில மீற்றர் தூரமே உலாவுவதால், ஒரு பொறி போதாது. பல பொறிகளைச் சுவரோரமாக இரண்டு மீற்றருக்கு ஒன்றாக வைத்தல் வேண்டும். புதுப்பொருளை எலி பன்னாள் ஐயுற்று ஒதுங்கும். சுண்டெலியோ உடனே சென்று ஆராயும். ஆதலின் அதற்கு வைத்த பொறி விரைவிற் பயன்தரும்.

நஞ்சு இறுதி வழியாகவே இருத்தல் நன்று. இக்காலத்து எலிமருந்துகள் பல, குருதி உறைவதைத் தடுத்துக் கொல்வன. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அவை கேடு செய்யும். குழந்தை தவறி விழுங்கின், அறிகுறி தோன்றும்வரை காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

எச்சத்தை உலர்ந்த நிலையிற் பெருக்குதல் தகாது. கிருமிநீக்கி தெளித்து நனைத்தே அகற்றுக. எலிக்காய்ச்சல் 2008இல் இத்தீவில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்ததாக ஐயுறப்பட்டமை மறக்கற்பாலதன்று.

அனைத்தினும் சிறந்தது வாயிலடைத்தல். பென்சில் நுழையும் துளையிற் சுண்டெலியும் நுழையும். அத்துளைகளைச் சீமெந்தால் அடைத்து, அரிசியையும் மாவையும் மூடியுள்ள தகரப் பேணிகளில் இட்டு வைப்பின், உணவும் உறையுளும் இன்றி அது தானே அகலும். கொல்வதினும் புகாமற் காத்தலே அறிவுடைமை.